நம்மால் இயலும் என்னும் துணிவு

மாசி மகத்தையொட்டி மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலின் திருத்தேர்கள் ஐந்தும் வீதிவலம் வரும் காட்சியைக் கண்ணுறாத பழைய மாணவர் நம்மிடையே இரார். அத்திருநாளிலே நாம் ஆண்டுதோறும் கண்டு வியக்கும் ஒரு செய்தியைக் கூறி இக்கட்டுரையைத் தொடங்குகின்றோம். நமக்கு நெடுநாட் பழக்கமுள்ள பெரியவர் ஒருவர் உளர், அரசாங்க எழுதுவினைஞராயிருந்து இளைப்பாறியவர், நீரிழிவு நோயுடையவர். நாடோறும் அரைமணி நேரமாயினும் நடத்தல் வேண்டும் என்று வைத்தியர் அவருக்கு விதித்து ஆண்டுகள் பல சென்றன. “அது நம்மால் ஆகாத காரியம், தம்பி. கடைத்தெரு மட்டும் போய் வந்தாலே மூச்சு வாங்குகிறது” என்பதே அவர் எப்பொழுதும் தரும் விடை. ஆயின், தேர்த் திருநாளன்று அப்பெரியவரே வெறுங்காலுடன், வடத்தைப் பற்றுவதும் விடுவதுமாக, வெயிலென்றும் பாராது மணிக்கணக்காகத் தேருடன் செல்வார். மறுநாள் அவரைக் கண்டு வினவினால், கால் சற்றே வலிக்கின்றது என்பாரேயன்றி வேறொன்றும் கூறார்.

முதல் நாள் இருந்த கால்களே தேரன்றும் இருந்தன. நெஞ்சும் அதுவே, வயதும் அதுவே. அவ்வாறிருக்க, கடைத்தெருவுக்குப் போதாத வலிமை தேருக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? அம்பாளின் அருள் என்பர் பெரியோர். அதனை நாம் மறுக்க முன்வரவில்லை. அவ்வருள் மனித உள்ளத்தினூடாக எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். அன்று அப்பெரியவரிடத்திலே மிகுந்திருந்தது கால்வலிமை அன்று. ‘என்னால் இயலும்’ என்னும் துணிவே.

இத்துணிவு பரம்பரையாக வருவது என்று கூறுவாரும் உளர். மாத்தளைத் தமிழராகிய நமக்கு இவ்வாதம் செவிக்கு இனிமையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களில் வேலைசெய்யத் தென்னிந்தியாவிலிருந்து படகேறிய மக்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நூறு மைலுக்கு மேற்பட்ட தூரத்தை நடந்தே கடந்து மாத்தளையை வந்தடைந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலே மாண்டோர் மிகப் பலர். 1880ஆம் ஆண்டில் மாத்தளைக்குப் புகையிரதம் வந்தபோதும், அது கண்டியிலிருந்தே வந்தது. வடக்கிலிருந்து வந்தோருக்குக் காட்டுவழியே கதியாயிற்று. நம்மிற் பலர் அந்நடையாளரின் வழித்தோன்றல்கள். ஆயினும், அவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரர்களுமாகிய நாம் புகையிரத நிலையத்திலிருந்து கல்லூரி வரை வருவதற்கு முச்சக்கரவண்டி தேடுகின்றோம். பாட்டன் நடந்த தூரம் பேரனின் காலுக்குப் பயிற்சியாவதில்லை. அவனது உள்ளத்திற்குத் துணிவாவதுமில்லை. மேலும், அம்மக்கள் துணிந்து நடந்தார்கள் என்பதைவிட, நடப்பதன்றி வேறு வழியின்றி நடந்தார்கள் என்பதே உண்மை.

அங்ஙனமாயின் துணிவின் ஊற்று யாது? இவ்வினாவை முறையாக ஆராய்ந்தோருள் தலையாயவர் அல்பேர்ட் பந்தூரா என்னும் உளவியலறிஞர். கனடா தேசத்துச் சிற்றூரொன்றில் 1925இற் பிறந்து, அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்திலே நெடுங்காலம் பேராசிரியராயிருந்து, 2021இல் மறைந்தவர். 1977ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையொன்று இத்துறைக்கு அடிப்படையாயிற்று. ஒருவனுக்கு உள்ள வலிமை வேறு, ‘இச்செயலை என்னாற் செய்ய இயலும்’ என்று அவன் தன்னைப்பற்றிக் கொண்டுள்ள எண்ணம் வேறு என்பதும், ஒரு செயலைத் தொடங்குவானா, இடர் வந்தபோது விடாது தொடர்வானா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது அவ்வெண்ணமே என்பதும் அவர் கொள்கை. அவ்வெண்ணம் எல்லாவற்றுக்கும் பொதுவானதன்று. செயலுக்குச் செயல் வேறுபடுவது. ஆயிரம்பேர் கூடிய அவையிலே அஞ்சாது பேசும் வழக்கறிஞர், நான்கடி உயரச் சுவரை ஏறிக் கடக்க அஞ்சலாம். தேரிழுக்கத் துணிந்த நம் பெரியவர், காலை நடைக்குத் துணியாததும் இதனாலேயே.

செய்து பார்த்தலே துணிவின் முதல் ஊற்று என்றார் பந்தூரா. பாம்பைக் கண்டாலே நடுங்குவோரைக்கொண்டு அவரும் அவருடன் உழைத்தோரும் ஒரு சோதனை நிகழ்த்தினர். சிலரைப் பிறர் பாம்பைக் கையாள்வதைப் பார்க்க மட்டும் விட்டனர்; சிலரைத் துணைநின்று தாமே சிறிது சிறிதாகத் தொடவும் பிடிக்கவும் செய்தனர். பார்த்தோரும் ஓரளவு அச்சம் தெளிந்தனர். ஆயினும் தம் கையாலேயே தொட்டோரின் துணிவே பெரிதாயிருந்தது.

இதனினும் நம் உள்ளத்தைத் தொட்டது மற்றோர் ஆய்வு. மாரடைப்பு வந்து தேறிய ஆடவர்களையும் அவர்தம் மனைவியரையும் பற்றியது அது. 1985இல் ஸ்டான்போர்ட் ஆய்வாளர் வெளியிட்டது. நோய் வந்து சில வாரங்களில் அவ்வாடவர்கள் வைத்தியர் முன்னிலையில் ட்ரெட்மில் என்னும் நடைப்பொறியில் நடந்து சோதிக்கப்பட்டனர். மனைவியருள் ஒரு சாரார் அச்சோதனையைக் காணவில்லை. ஒரு சாரார் அருகிருந்து கண்டனர். மூன்றாஞ் சாரார் கண்டதோடமையாது, தம் கணவர் எட்டிய அதே கடுமையில் தாமும் மூன்று நிமிடம் அப்பொறிமேல் நடந்தனர். பின்னர், ‘உம் கணவரின் இதயம் எவ்வளவு தாங்கும்?’ என்று வினவியபோது, காணாதோரும் கண்டோரும் முன்போலவே ஐயுற்றனர். தம் காலால் நடந்து பார்த்தவர்களே, ‘இவ்வளவையும் அவர் தாங்கினாரா!’ என்று உணர்ந்து, கணவரின் ஆற்றலில் நம்பிக்கை கொண்டனர். அருகிருந்து பார்த்த மனைவியின் கண்ணுக்குத் தெரிந்தது வியர்வையும் இளைப்புமே. நடந்த மனைவிக்கோ அவ்வியர்வையின் பொருள் விளங்கிற்று. நம் இல்லங்களிலே நோயினின்று எழுந்த ஒருவரை, ‘நீங்கள் பேசாமல் இருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று நாற்காலியோடு பிணித்துவைக்கும் அன்புடையோர் இச்செய்தியைச் சிந்திப்பாராக. அன்பினாலேயே ஒருவரின் துணிவைக் கெடுத்துவிடலாம்.

செய்து பார்த்தலே முதல் ஊற்று என்றால், நாள்முழுதும் நடந்தோர் யாவரும் துணிவுடையோராயிருத்தல் வேண்டுமன்றோ? அவ்வாறில்லை. எல்கடுவ, றத்தோட்டைப் பக்கத்து மலைகளிலே முப்பது நாற்பது ஆண்டுகள் கொழுந்துக் கூடையைச் சுமந்து ஏறியிறங்கிய தாய்மார் பலரை நாம் அறிவோம். நம்முள் ஓட்டப் பந்தயத்திற் பரிசு பெற்றோரும் ஒரு வாரம் தாங்கார் அவ்வேலையை. அத்தகைய அம்மையார் ஒருவர் வேலையினின்று ஓய்ந்தபின் முழங்கால் நோவால் வருந்தியபோது, சிறிது உடற்பயிற்சி செய்யும்படி தாதி கூறினார். “அதெல்லாம் படிச்சவங்களுக்குத்தாங்க, நமக்கெங்க வரும்?” என்று அவர் சிரித்துவிட்டார். மலையேறிய முப்பதாண்டும் அவருடைய கணக்கில் வரவு வைக்கப்படவேயில்லை. அது வேலை, பெரட்டுக் களத்திற் பேர் கொடுத்துக் கூலிக்காகச் செய்தது, அதனைத் தம் ஆற்றல் என்று எண்ண அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை. ஆகவே, செய்தால் மட்டும் போதாது. செய்ததைத் தன் ஆற்றலின் சான்றாக எண்ணிக்கொள்ளவும் வேண்டும். நம் கருத்தில், இப்பொருளிலே பலரும் காணத் தவறுவது இவ்விரண்டாம் பாகத்தையே.

இனி, பிறரைக் கண்டு பெறும் துணிவைப்பற்றிச் சொல்வோம். விழாமலர்கள் யாவும் வெற்றிவீரர் படங்களைத் தாங்கி வருவது வழக்கம், அது வேண்டத்தக்கதே. யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்போர்னிலும் ஒலிம்பிக் போட்டியிற் பங்குபற்றி, 1958இல் தோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவிலே உயரம் பாய்தலில் இலங்கைக்குத் தங்கப் பதக்கம் ஈட்டித் தந்தார். அப்பெயரைக் கேட்ட அளவிலே இன்றும் நம் மார்பு விம்முகின்றது. ஆனால் ஒன்று: உயரம் பாயும் இளைஞனுக்கே அவர் முன்மாதிரி. கொழுத்த உடலும் தயங்கும் நெஞ்சுமுள்ள மாணவனுக்கு அப்படம், ‘இது உனக்குரியதன்று’ என்று சொல்வதாகவும் தோன்றலாம். நம்மைப் போன்ற ஒருவர் செய்யக் கண்டாலன்றோ நமக்குத் துணிவு பிறக்கும்! நீந்த அஞ்சிய சிறுவர்களைக்கொண்டு 1998இல் வெளியான ஓர் ஆய்வு இதனைத் தெளிவாக்குகின்றது. தொடக்கத்திலிருந்தே பிழையின்றி நீந்திய சிறுவனைக் காட்டியதைவிட, முதலில் ‘எனக்குப் பயமாயிருக்கிறது’ என்று கூறிப் பின்னர் மெல்ல மெல்லத் தேறிய சிறுவனைக் காட்டியதே அவர்களின் துணிவை மிகுதியாக வளர்த்ததாம்.

இங்கே நம் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லுதல் தகும். இளமையில் நாம் பயின்ற ஒரு பள்ளியிலே (ஊரும் பெயரும் ஈண்டு வேண்டா) இல்ல மெய்வல்லுநர் போட்டி நடந்தது. பருத்த உடலினராகிய நாமும் நூறு மீற்றர் ஓட்டத்திற் பெயர் கொடுத்திருந்தோம். ஏனையோர் ஓடி முடித்தபின்னும் நாம் ஓடிக்கொண்டிருந்தோம். ஒலிபெருக்கியைக் கையிற் பிடித்திருந்த ஆசிரியர், “பூசணிக்காய் ஒன்று உருண்டு வருகின்றது, வழிவிடுங்கள்” என்றார். மைதானம் முழுதும் சிரித்தது. பார்வையாளர் வரிசையிலிருந்த நம் தந்தையாரும் சிரித்தார். அவர் தீயவரல்லர், ஆசிரியரும் அல்லர். அந்நாளிற் கேலி என்பது உற்சாகமூட்டும் முறைகளுள் ஒன்றாகவே கருதப்பட்டது. அன்று நாம் எல்லைக் கோட்டைக் கடந்தோம் என்பது ஒருவர் நினைவிலும் இல்லை, நம் நினைவிலுங்கூட. அதன்பின் ஏறத்தாழ நாற்பதாண்டு நாம் ஓடவில்லை. பேருந்தைப் பிடிப்பதற்கும் ஓடவில்லை. அடுத்த பேருந்து வரும் என்று நின்றுவிடுவோம்.

சொல்லுக்கு இவ்வளவு வலிமை உண்டென்றால், நல்ல சொல்லால் துணிவை ஊட்டிவிடலாமே என்று நண்பர்கள் கேட்கலாம். சொல் துணிவைக் கெடுக்கும் அளவுக்கு அதனை வளர்ப்பதில்லை. பந்தூராவும் இவ்வாறே கருதினார். ‘உன்னால் முடியும்’ என்ற சொல்லை நம்பி எழுந்தவன் முதல் முயற்சியிலேயே தோற்பானாயின், சொல்லியவர் மீதும் அவனுக்கு நம்பிக்கை போய்விடும். 2010இல் வெளிவந்த தொகுப்பாய்வொன்று, உடலுழைப்பில் மக்களுக்குத் துணிவூட்டச் செய்யப்பட்ட பல முயற்சிகளை ஒருங்குவைத்து நிறுத்துப் பார்த்தது. வெறும் அறிவுரை அதிகம் பயன் தரவில்லை. ஒருவர் முன்பு செய்ததையும் இப்பொழுது செய்வதையும், அல்லது அவரையொத்த பிறர் செய்ததையும் எடுத்துக்காட்டிக் கூறியதே மிகுந்த பயன் தந்தது. அவ்வாய்விலே நமக்கு இடரான முடிவொன்றும் உண்டு, மறைத்தல் நேர்மையன்று. சிறியதிலிருந்து பெரியதற்குப் படிப்படியாகச் செல்லவைத்த முயற்சிகளும் எதிர்பார்த்த அளவு துணிவைத் தரவில்லையாம். செய்தலே முதல் ஊற்று என்றோர்க்கு இது சங்கடமே. நாம் கருதுவது யாதெனில், படியேறுபவனுக்கு அவன் ஏறிய படியைச் சுட்டிக்காட்டாவிடின் அது கொழுந்து பறித்த அம்மையாரின் மலையேற்றம் போலக் கணக்கில் வராமலே போய்விடுகின்றது. இது நம் ஊகம். அறிஞர் வேறு கூறின் திருத்திக்கொள்வோம்.

உடல் தரும் குறிகளைப்பற்றியும் ஒரு வார்த்தை. ஓய்ந்திருந்த ஒருவர் சிறிது விரைந்து நடந்தால் நெஞ்சு படபடக்கும், மூச்சு மிகும், வியர்க்கும். இவை உடல் தன் கடமையைச் செய்வதன் அறிகுறிகள். பழகாதவரோ இவற்றைக் கண்டு, ‘ஏதோ கேடு வருகின்றது’ என்று திரும்பிவிடுகின்றார். நடக்கும்போது பேச இயலும், ஆனால் பாட இயலாது என்னும் நிலையே அளவான உழைப்பு என்பது வைத்தியர் கூறும் எளிய அளவுகோல். தேவாரம் ஓதிக்கொண்டே நடப்பவர் இன்னும் சற்று விரையலாம் என்று கொள்க. மார்பில் வலியோ, மயக்கமோ, தோளுக்குப் பரவும் நோவோ தோன்றின் அது வேறு. உடனே நின்று வைத்தியரை நாடல் வேண்டும்.

இப்பொழுது தேரடிக்குத் திரும்புவோம். அப்பெரியவர் இளமை முதல் ஆண்டு தவறாது தேரிழுத்தவர். செய்து பழகிய செயல் அது. முன்னும் பின்னும் வடம் பற்றியோர் எல்லாரும் அவரைப் போன்ற ஊர்க்காரர். சிலர் அவரினும் மூத்தோர். அரோகரா என்னும் முழக்கம் ஓயாது செவியில் விழுந்தது. நெஞ்சு படபடத்தபோது அதனை அவர் பக்திப் பரவசம் என்று கொண்டாரேயன்றி நோயென்று கொள்ளவில்லை. காலை நடைக்குப் புறப்படும்போது இவற்றுள் ஒன்றேனும் அவருக்குத் துணையாக இல்லை. தனியே, பழகாத செயலுக்கு, வைத்தியரின் ஆணையை மட்டும் கைக்கொண்டு செல்லல் வேண்டும். அவர் செல்லாததில் வியப்பொன்றுமில்லை. (நீரிழிவு நோயாளர் வெறுங்காலுடன் தார்வீதியில் நடப்பது புண்ணுக்கு இடமாகும் என்பதையும் இடையே சொல்லிவைக்கின்றோம். நேர்த்திக்கடன் உள்ளவர் வீடு திரும்பியதும் பாதங்களை நன்கு சோதித்துக்கொள்க.)

நாளொன்றுக்குப் பதினாயிரம் அடி என்னும் பேச்சும் பலரை வீட்டிலேயே இருத்திவிட்டது. அவ்வெண் எங்கிருந்து வந்தது? 1964இல் தோக்கியோவில் ஒலிம்பிக் விழா நடந்த மறு ஆண்டு, யப்பானிய நிறுவனமொன்று அடிகளை எண்ணும் கருவியை விற்பனைக்கு விட்டு, அதற்குப் ‘பதினாயிரம் அடி மானி’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டிற்று. ஆராய்ச்சிக்கு முன்பே வாணிகத்திற் பிறந்த எண் அது. அமெரிக்காவில் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட மூதாட்டியரைத் தொடர்ந்து அவதானித்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,700 அடி நடந்தோரைவிட 4,400 அடி நடந்தோரிடையே இறப்பு வீதம் குறைந்து காணப்பட்டது. 7,500 அடிக்கு மேல் அவ்வேறுபாடு மேலும் பெருகவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வளர்ந்தோர்க்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிட அளவான உழைப்பை விதித்தபோது, ஒன்றுமில்லாமைக்குச் சிறிதேனும் மேல் என்பதையும் வலியுறுத்திற்று. எட்டாத எண்ணை முதல் நாளே முன்வைத்தல், நூறு மீற்றர் ஓட்டத்திற் பூசணிக்காயை நிறுத்தியதற்கு ஒப்பாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் வகுப்புத் தோழர் சிலர் ஒன்றுகூடிச் சிகிரியாவுக்குச் சென்றோம். நம் மாவட்டத்திலேயே உள்ள குன்றாயினும், மாணவப் பருவத்துச் சுற்றுலாவின் பின்னர் நம்மிற் பலர் அதில் ஏறியதில்லை. ஐந்தாம் நூற்றாண்டிலே காசியப்ப மன்னன் கோட்டை அமைத்த அக்குன்றுக்கு ஏறத்தாழ 1,200 படிகள் உள. சிங்கப் பாதத்தை அடைந்ததும் தோழர் ஒருவர் அமர்ந்துவிட்டார். “எனக்கு இது சரிவராது, மச்சான். நீங்கள் போய் வாருங்கள்” என்றார். நாம் போய் வந்தோம். திரும்பும் வழியில் வண்டியிலே அவர் ஒன்றும் பேசவில்லை. நாமும் கேலி பேசவில்லை. ஆனால் அவர் குன்றின் பெரும்பகுதியை ஏறிவிட்டார் என்பதை எடுத்துச் சொல்லவும் நமக்குத் தோன்றவில்லை. அதனை அவருக்குச் சொன்னவர், வீட்டிலிருந்த அவருடைய மகள். எத்தனை படி ஏறினீர்கள் என்று கேட்டு, பழைய அப்பியாசக் கொப்பியொன்றில் அதனையே முதல் வரியாக எழுதிவைத்தாள். அன்று தொட்டு அவர் மாலைதோறும் நடந்து, நடந்ததை அக்கொப்பியில் எழுதலானார். ‘கோவில் வாசல் வரை. மூன்று முறை நின்றேன்.’ சில நாள் கழித்து: ‘கோவில் வாசல் வரை. இரு முறை.’ மழைநாளில் ‘போகவில்லை’ என்றும் நேர்மையாக எழுதினார்.

தேரிழுக்கும் நம் பெரியவர் குடியிருப்பது அவ்வழியிலேதான். மாதக்கணக்காகத் திண்ணையிலிருந்து அவரைப் பார்த்திருந்தவர், ஒருநாள் செருப்பை மாட்டிக்கொண்டு தாமும் இறங்கிவிட்டார். வைத்தியர் சொல்லியும் கேளாதவர் இப்பொழுது எப்படித் துணிந்தீர்கள் என்று நாம் கேட்டோம். “அவன் என் வாசலில்தான் தம்பி நின்று மூச்சு வாங்குவான். வாங்கிவிட்டுப் பிறகும் போவான். அதைப் பார்த்தபிறகு எனக்கும் போகலாம் போலிருந்தது” என்றார். அண்மையில் அக்கொப்பியை வாங்கிப் பார்த்தோம். பக்கத்தின் நடுவே கோடு கிழித்து, வலப்புறத்திலே வேறொரு கையெழுத்தில், ஒரு பழைய எழுதுவினைஞரின் ஒழுங்கான எண்களில், திகதியும் தூரமும் நின்ற இடங்களும் பதியப்பட்டிருந்தன.